மைக் மோகன் படத்தைக் காதால் பார்ப்பது எப்படி

படத்தை உடனே போடாதீர்கள். முதலில் பாட்டைப் போடுங்கள்.

நடிகர் மோகன் பாடகனாக வரும் ‘பயணங்கள் முடிவதில்லை’ 1982 பிப்ரவரியில் வெளியான படம். அந்தக் காலத்தில் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் படம் நம் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் பாட்டு வீட்டுக்குள் வந்துவிடும். ரேடியோவில் வரும், கேசட்டில் வரும், பக்கத்து வீட்டு அண்ணன் குளிக்கும்போது பாடுவதிலும் வரும். படம் பார்க்க உட்காரும்போது பாட்டெல்லாம் பாதி மனப்பாடம். இந்தப் பாட்டு எந்த இடத்தில் வரப்போகிறது என்று காத்திருந்தே கதையைப் பார்த்தார்கள். இப்போது அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. படத்தைத்தான் முதலில் தொடுகிறோம். பாட்டு ஆரம்பித்ததும் கை தானாகப் போனைத் தேடுகிறது.

அதனால் படம் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பே பாட்டுகளைக் கேட்க ஆரம்பியுங்கள். செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும் வழியில் ஜாம் எப்படியும் இருக்கும், காரில் ஓடட்டும். ‘இளைய நிலா’, ‘சாலையோரம்’, ‘தோகை இளமயில்’, ‘மணியோசை கேட்டு எழுந்து’, ‘வைகறையில்’. இந்த ஐந்தும் காதில் ஊறிவிட்டால் போதும்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். பகலில் ரவிக்கை தைப்பவள். சனி, ஞாயிறுகளில் ஓர் இசைக்குழுவில் பாடியவள். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கிள்ளான் பக்கத்துத் தோட்டத்து மேடை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வேனில் போவோம். எஸ். ஜானகியம்மா பாட்டு என் பங்கு. இரவு முடிந்ததும் கவரில் எண்பது வெள்ளி (ரிங்கிட்), சில இடங்களில் நூறு, சில இடங்களில் பிரியாணிப் பொட்டலம் மட்டும். புகழ் தேடி ஓடும் பாடகர்களைப் பற்றிய படம் என்றால் எனக்கு ஒரு தனி அக்கறை உண்டு. கொஞ்சம் கடுப்பும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

கதை ஒன்றும் சிக்கலானதில்லை. ரவி என்ற கையில் காசில்லாத பாடகன் சென்னையில் வாய்ப்புத் தேடுகிறான். ராதா என்ற பெண்ணின் அன்பு கிடைக்கிறது, பாடகனாகப் பெயர் வருகிறது. அந்த நேரம் பார்த்து ரத்தப் புற்றுநோய் வருகிறது. நோயைச் சொல்லாமல் மறைத்து அவளை விலக்குகிறான். முடிவை நான் சொல்லப் போவதில்லை. ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய முதல் படம் இது. கோவைத்தம்பி தயாரித்த முதல் படமும் இதுதான். ரவியாக மோகன், ராதாவாகப் பூர்ணிமா ஜெயராம். இசை இளையராஜா.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தில் ரவி என்று ஓர் ஆளைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அது மூன்று பேர். முகம் மோகனுடையது. பேசும் குரல் எஸ்.என். சுரேந்தருடையது. பாடும் குரல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தினுடையது. மோகன் கர்நாடகக்காரர், ‘கோகிலா’ என்ற கன்னடப் படத்தில் 1977-ல் அறிமுகமானவர். தமிழில் அவருடைய பல வெற்றிப் படங்களில் வசனம் பேசியது சுரேந்தர்தான். அதிலும் ஒரு வேடிக்கை: சுரேந்தர் தாமே நல்ல பாடகர். ஒரு பாடகனின் கதைக்கு ஒரு பாடகர் வசனம் மட்டும் பேசுகிறார், பாட்டு வரும்போது இன்னொரு பாடகருக்கு இடம் விட்டுவிடுகிறார்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரித் தெரியும். ரவி பேசிக்கொண்டே இருந்து பாட ஆரம்பிக்கும் இடங்களைக் கவனியுங்கள். பேச்சுக் குரல் எங்கே நிற்கிறது, பாட்டுக் குரல் எங்கே நுழைகிறது? அந்த இடைவெளியில் மோகன் ஏதாவது செய்கிறாரா? தலையைக் குனிகிறாரா, மூச்சு இழுக்கிறாரா? ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் இருப்பதற்கு மூன்று பேரும் உழைத்திருக்கிறார்கள். அந்த வருஷத்துச் சிறந்த நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது மோகனுக்குக் கிடைத்தது. தகுதியான விருதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேச்சுக் குரல் கொடுத்தவருக்கு என்று அந்த விருதில் பிரிவே கிடையாது. புகழைப் பற்றிய ஒரு படத்தில் புகழ் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது ‘இளைய நிலா’. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை நிறுத்தி, பாட்டை மூன்று தடவை ஓட்டுங்கள். வீட்டில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

முதல் தடவை மோகனை மட்டும் பாருங்கள். குறிப்பாகக் கழுத்தையும் தோளையும். வெறும் உதட்டை அசைப்பது எவருக்கும் முடியும். மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் நெஞ்சு கொஞ்சம் தூக்க வேண்டும், வரி முடியும் இடத்தில் தோள் தளர வேண்டும். பாடிப் பழகாத நடிகர்கள் பலர் வரி முழுக்க ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பார்கள். மோகன் அப்படி நிற்கவில்லை. மைக் பிடித்துப் பாடும் வேடங்களால் வந்த ‘மைக் மோகன்’ என்ற பட்டம் கிண்டலாகவும் சொல்லப்பட்டதுதான், ஆனால் அதைச் சம்பாதித்த விதம் நேர்மையானது.

இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரை மட்டும் கேளுங்கள். தொடக்கத்தில் தனியாக வரும் அந்த விரல் வாசிப்பு, பாட்டு முழுவதும் குரலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாரும் முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் கடைசியில் மறுபடி முன்னால் வரும். வாசித்தவர் சந்திரசேகர், இளையராஜாவின் குழுவில் இருந்த கிட்டார் கலைஞர். எங்கள் குழுவில் கிட்டார் பையன்கள் பலர் வந்து போனார்கள். புதிதாக வருபவனிடம் எங்கள் தலைவர் கேட்கும் முதல் கேள்வி, “இளைய நிலா தெரியுமா?” தெரியும் என்பான். தொடக்கத்தை வாசித்துவிடுவான். கடைசிப் பகுதிக்கு வரும்போது சத்தத்தைக் குறைத்துக்கொள்வான்.

அந்தக் காலப் படங்களின் டைட்டிலில் பாடியவர்கள் பெயர் வரும். வாத்தியக்காரர்கள் பெயர் பெரும்பாலும் வராது. அதனால் டைட்டில் ஓடும்போது எழுந்து போகாமல், யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். யார் பெயர் இல்லை என்பது பாட்டு வரும்போது தெரியும்.

மூன்றாம் தடவை எஸ்.பி.பி.யின் மூச்சு. எங்கே மூச்சு விடுகிறார் என்று தேடுங்கள், சுலபத்தில் அகப்படாது. இதே பாட்டு மறு வருஷம் இந்தியில் ‘கலாகார்’ படத்தில் ‘நீலே நீலே அம்பர் பர்’ என்று போனது. கிஷோர் குமார் பாடினார், இசை என்று கல்யாண்ஜி ஆனந்த்ஜி பெயர் இருக்கும். முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இந்திக்காரர்களிடமும் கேட்டால் முதலில் கிட்டாரைத்தான் வாயால் வாசித்துக் காட்டுவார்கள்.

‘இளைய நிலா’வை எழுதியது வைரமுத்து. 1980-ல் ‘நிழல்கள்’ படத்தில் எழுத வந்தவர், அப்போது சினிமாவுக்குப் புதியவர். இயக்குநர் புதுசு, தயாரிப்பாளர் புதுசு, கவிஞர் ஏறக்குறையப் புதுசு. வாய்ப்புத் தேடி அலைபவனின் கதையை எடுத்தவர்களுக்கு அந்த அலைச்சல் மறந்திருக்க நியாயமில்லை. படத்தின் முதல் பாதியில் ஒரு பசி தெரிகிறதே, அது இதனால்தான் என்பது என் எண்ணம்.

அடுத்து ‘மணியோசை கேட்டு எழுந்து’. என் பாட்டு என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். எஸ்.பி.பி.யும் ஜானகியம்மாவும் பாடியது. இதில் எஸ்.பி.பி. பாடிக்கொண்டே இருமுவார். பாத்திரத்துக்கு நோய் வந்துவிட்டது என்பதைப் பாட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். பாடுபவர்களுக்குத் தெரியும், இருமலுக்கும் பாட்டுக்கும் தொண்டையில் ஆகாது. ஒருமுறை நிஜமாக இருமினால் அடுத்த சுரம் கரகரக்கும். இருமுவது போல நடித்து, அடுத்த நொடியே சுருதி பிசகாமல் வரியைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் முயன்று பாருங்கள். அப்போதெல்லாம் பாட்டுப் பதிவு என்றால் பெரும்பாலும் வாத்தியக்காரர்களும் பாடுபவர்களும் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்வது. யாராவது ஒருவர் பிசகினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. அதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த இருமலைக் கேளுங்கள்.

ஜானகியம்மாவின் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். அவர் குரலில் பதற்றம் கிடையாது, தெளிவாக, நேராகப் போவார். பக்கத்தில் ஒருவர் உடைந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் உடையாமல் பாடினால்தான் உடைவது தெரியும். எங்கள் மேடையில் ஆண் குரல் பாடிய அண்ணன் அந்த இருமலை உருகி உருகி இருமுவார். ரவாங்கில் ஒரு கல்யாணத்தில் முன் வரிசைப் பாட்டி ஒருவர் பேரனிடம் சுடுதண்ணி கொடுத்தனுப்பிவிட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் வரியைப் பாடி முடித்தேன்; நேராகப் பாடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்கு எனக்கு நன்றாகவே விளங்கியது.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, கண்டும் காணாமல் விட வேண்டியவையும் இருக்கின்றன. மருத்துவத்தை எதிர்பார்க்காதீர்கள். அன்றைய சினிமாவில் ரத்தப் புற்றுநோய் என்பது ஆஸ்பத்திரி வியாதியைவிடக் கதை வியாதி. அதே 1982-ல் ‘வாழ்வே மாயம்’ படத்தில் கமல்ஹாசனுக்கும் புற்றுநோய்தான். நாயகன் நன்றாக இருக்கும்போது சாக வேண்டும், காதலியை விலக்க ஒரு காரணம் வேண்டும், அதற்கு வசதியான நோய். கவுண்டமணி வீட்டுக்காரராக வரும் பகுதி தனிப் படமாகவே ஓடும். அதை ஓட்டித் தள்ளிவிடாதீர்கள். வாடகை கொடுக்க முடியாத பாடகன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு அழுகைக் காட்சிகளைவிட அந்தச் சிரிப்புக் காட்சிகளில்தான் அதிக விவரம் இருக்கிறது.

எனக்கு ஒப்பாதது ராதா விஷயம். பூர்ணிமா நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் பாட்டைக் கேட்டு நெகிழ்வது, அவனுக்காக ஓடுவது, பிறகு அழுவது, இதுதான் அவளுக்கு எழுதப்பட்ட வேலை. அவளிடம் உண்மையைச் சொல்லாமல் அவள் வாழ்க்கையை அவனே முடிவு செய்கிறான், படம் அதைத் தியாகம் என்று சொல்லிக் கைதட்டுகிறது. அந்த இடத்தில் படத்தோடு சண்டை போடுங்கள். பழைய படத்தை ரசிப்பது என்றால் அது சொல்வதையெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது?

சின்னவர்களோடு சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள். என் அண்ணன் மகள் கேட்டது: “ஏன் அத்தை, இவன் பாடுறத அவனே ரெக்கார்ட் பண்ணிப் போட வேண்டியதுதானே?” சிரித்துத் தட்டிவிடாதீர்கள், நல்ல கேள்வி அது. அன்றைக்குப் பாடுபவனுக்கும் கேட்பவனுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது, அந்தக் கதவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சென்னையில் அது சினிமாக் கம்பெனி, ரேடியோ. நமக்கு மலேசிய வானொலி நிலையம் இருக்கும் அங்காசாபுரியில் ஆடிஷன். அன்றைக்கு ஜலதோஷம் பிடித்திருந்தால் அந்தத் தடவை அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டுப் படத்தைத் தொடர்ந்தால், ரவி ஒருவர் முன்னால் நின்று பாடும் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருவார்கள். போனும் தானாகக் கீழே போய்விடும்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது? இணையத்தில் பல இருக்கும். படம் பளிச்சென்று இருப்பதைவிட ஒலி சுத்தமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘இளைய நிலா’வின் முதல் அரை நிமிஷத்தை ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள்; கிட்டார் கம்பி ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் அதுதான் உங்கள் பிரதி. டிவியின் சொந்த ஸ்பீக்கர் வேண்டாம், வீட்டில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஸ்பீக்கர் இருந்தாலும் அதை மாட்டுங்கள். மூன்று மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள், பாட்டைத் திரும்பப் போட நேரம் வேண்டுமே.

இங்கே வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வழியும் சொல்வேன். மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியின் ‘இபு மெர்துவாகூ’ படத்தை இதற்கு முந்தின வாரம் பாருங்கள். 1962-ல் வந்தது, மலாய்ப் படம். காசிம் செலாமாட் என்ற இசைக்கலைஞன் சாக்சபோன் வாசித்து, பாடி, பெயர் வாங்குகிறான். பணக்கார வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறான். மாமியாரின் சூழ்ச்சியில் எல்லாம் போகிறது, கண்ணும் போகிறது. பிறகு பினாங்கில் வேறு பெயரில் மறுபடி புகழ் வருகிறது. அழுவதற்கும் விதியைத் திட்டுவதற்கும் நம் படத்துக்குச் சற்றும் குறைவில்லை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: இயக்கியவர், நடித்தவர், பேசியவர், பாடியவர் எல்லாம் அந்த ஒரே பினாங்குக்காரர் ரம்லி. அதைப் பார்த்துவிட்டு மோகன் படத்துக்கு வந்தால், மூன்று பேர் சேர்ந்து ஒருவனாக நிற்பது இன்னும் துல்லியமாகத் தெரியும். எது உயர்ந்தது என்று என் வீட்டில் வாக்குவாதமே நடந்தது. நான் ரம்லி பக்கம் பேசிவிட்டு, சமையலறைக்குப் போய் ‘சாலையோரம்’ முணுமுணுத்தேன்.

அடுத்து என்ன பார்ப்பது? மோகன் பாடகனாக வரும் படங்கள் வரிசையாக இருக்கின்றன. 1985-ல் மட்டும் ‘உதயகீதம்’, ‘இதயக்கோயில்’ இரண்டும் வந்தன. ‘இதயக்கோயில்’ மணிரத்னம் இயக்கியது, தயாரிப்பு இதே கோவைத்தம்பி. ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் அலுத்துவிடும், பாட்டுகளை மட்டும் கேட்டால் அலுக்காது. சுந்தர்ராஜனே 1984-ல் எடுத்த ‘நான் பாடும் பாடல்’ மட்டும் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் அதில் பாடகி அம்பிகா. மைக் ஒரு பெண்ணின் கைக்கு வருகிறது, பாடுவது ஜானகியம்மா. ராதா மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கே தீர்ந்தது. மீதிப் பாதி தீரவில்லை, அது அந்தப் படத்தின் கதையால்.

அப்புறம் ‘சிந்து பைரவி’. இதுவும் 1985-தான், கே. பாலசந்தர் இயக்கியது. இங்கே பாடகர் ஏற்கெனவே உச்சியில் இருக்கிறார், ஜே.கே.பி.யாகச் சிவகுமார், குரல் யேசுதாஸ். புகழ் தேடி ஓடும் படத்தைப் பார்த்தவர்கள், புகழ் வந்தபின் ஒரு மனிதர் சறுக்குவதை இதில் பார்க்கலாம். தேசிய விருது மூன்று வாங்கிய படம்: சுஹாசினிக்கு, இளையராஜாவுக்கு, சித்ராவுக்கு. ஆனால் கச்சேரிக் காட்சிகளில் ஜே.கே.பி. மேல் மட்டும் கண்ணை வைக்காதீர்கள். மிருதங்கக்காரர் குருமூர்த்தியைப் பாருங்கள், டெல்லி கணேஷ் நடித்தது. குடிப்பழக்கத்துக்காக அவரைக் கண்டிக்கிற பாடகர், பிறகு தாமே குடியில் விழுகிறார். அப்போது குருமூர்த்தியின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இந்தப் படத்தில் எனக்கு நாயகன் அவர்தான்.

பாலசந்தர் படம் என்பதால் பேச்சு நிறைய இருக்கும். தே தாரிக் (இழுத்து ஆற்றிய டீ) போட நடுவில் எழுந்து போகலாம், ஒன்றும் கெட்டுவிடாது. சபையில் சித்ராவின் குரலில் சுஹாசினி ‘பாடறியேன்’ தொடங்கும்போது மட்டும் வந்து உட்கார்ந்துவிடுங்கள். அந்த நாட்டுப்பாட்டு ‘மரி மரி நின்னே’ கீர்த்தனைக்குள் போய்ச் சேரும் இடத்துக்குக் கையில் கிளாஸ் இல்லாமல் இருப்பது நல்லது, எங்கள் வீட்டுச் சோபாவில் இன்னும் கறை இருக்கிறது.